பெயின்டிங்குக்கு ஒரு மாசம்

2024 மே 31ஆம் தேதி இரவு, பெங்களூரில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் பால்கனியில் உட்கார்ந்துகொண்டு, பெரும்பாக்கத்தில் எனக்குச் சொந்தமான வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்துக்கு வாட்ஸாப்பில் கணக்கு அனுப்பினேன். பெயின்டிங் 24,000. பெட்ரூம் சுவர் ஓதம், பட்டி பார்த்துப் பூசுவதற்கு 18,000. கிச்சன் கபோர்டு கதவு 3,500. கிளீனிங் 2,500. சிங்க் குழாய் 1,200. ஆக மொத்தம் 49,200. அட்வான்ஸ் ஒன்றரை லட்சத்தில் இதைக் கழித்து 1,00,800 ரூபாய், ஒரு வாரத்தில் அனுப்பிவிடுகிறேன், நன்றி, கைகூப்பும் பொம்மை.

ஒரு மணி நேரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. "சார், கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

தமிழில் இதற்கு இணையான இன்னொரு வாக்கியத்தை என்னால் யோசிக்க முடியவில்லை. தாலுகா ஆபீசில், ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டரில், டிராபிக் போலீஸிடம், ஹவுஸ் ஓனரிடம் மட்டும் சொல்லப்படுகிற வாக்கியம் அது. உங்கள் கணக்கு தப்பு என்று அது சொல்வதில்லை. என் பணம் உங்கள் கையில் இருக்கிறது, நீங்கள் கொடுத்தால்தான் உண்டு என்று மட்டும் சொல்கிறது. நான், "மார்க்கெட்ல எல்லாரும் இப்படித்தான் பிரதர் பண்றாங்க, நான் கம்மியாத்தான் போட்டிருக்கேன்" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். நன்றாகவே தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கட்டுரை ஹவுஸ் ஓனர்களுக்கு எதிரானது. வாடகைக்கு இருப்பவர்கள் எழுதும் ஓனர் வசவுகள் நிறைய உண்டு. பேச்சுலர் காலத்தில் நானே ஃபேஸ்புக்கில் அரை டஜன் எழுதியிருப்பேன். ஆனால் ஓனராக இருந்துகொண்டு அந்தத் திருட்டு எப்படி நடக்கிறது என்று உள்ளேயிருந்து சொல்பவர்கள் குறைவு. அடுத்த மாத இஎம்ஐ இருக்கிறதல்லவா, அதனால் இருக்கலாம்.

முதலில் 'டேமேஜ்' என்ற சொல். சென்னையில் வீடு காலி செய்யும் நாளில் இந்தச் சொல் செய்கிற வேலைக்கு அளவே இல்லை. ஓனர் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே நடக்கிறார். சோபா இருந்த இடத்தில் சுவரில் தலை எண்ணெய்க் கறை: டேமேஜ். காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை: டேமேஜ். பாத்ரூம் குழாயில் உப்புப் படிந்து வெள்ளையாகிவிட்டது: டேமேஜ். அந்த உப்பு ஓனர் போட்ட போர்வெல்லிலிருந்து, ஓனர் பொருத்திய மோட்டார் வழியாக, ஓனர் கட்டிய டேங்க்கில் ஏறி இறங்கி வந்தது. ஆனாலும் கறை குடித்தனக்காரர் கணக்கில். ஸ்விட்ச் போர்டு மஞ்சளாகிவிட்டது. பிளாஸ்டிக் என்றால் மஞ்சளாகத்தான் ஆகும், பூட்டி வைத்தாலும் ஆகும். டேமேஜ்.

மூன்று வேறு வேறு சங்கதிகளை இந்த ஒரு சொல்லில் போட்டுக் குழைத்து வைத்திருக்கிறோம். மனிதர்கள் குடியிருந்தால் வருகிற தேய்மானம் ஒன்று. வீடு கட்டப்பட்ட லட்சணத்தால் வருகிற நோய் இன்னொன்று. குடியிருந்தவர் கைதவறியோ, கவனிக்காமலோ, கெட்ட எண்ணத்திலோ உடைத்தது மூன்றாவது. இந்த மூன்றாவது மட்டும்தான் அவர் காசில் கைவைக்க நமக்கு இருக்கிற காரணம். முதலாவதற்குத்தான் மாதாமாதம் வாடகை வாங்குகிறோம். இரண்டாவது பில்டருக்கும் நமக்கும் இடையில் உள்ள வழக்கு.

நான் வேலை செய்யும் கம்பெனியில் கொடுத்த லேப்டாப்பின் 'ஏ' எழுத்து அழிந்துபோயிருக்கிறது. நான்கு வருஷம் தட்டியிருக்கிறேன். நாளைக்கு ராஜினாமா செய்தால், புதுக் கீபோர்டுக்கான காசைக் கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்களா? பிடித்தால் எங்கள் டீமில் இருக்கிற பாதிப் பேர் லிங்க்ட்இன்னில் போர் தொடுப்பார்கள். அந்தப் பாதிப் பேரில் ஓனராக இருப்பவர்கள் அத்தனை பேரும், காலி செய்யும் குடும்பத்திடம் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிக்கிறவர்கள்தான். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பெயின்டிங்குக்கு ஒரு மாசம். இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. புரோக்கர் வீடு காட்டும்போதே சொல்லிவிடுகிறார்: "அட்வான்ஸ் ஆறு மாசம், காலி பண்றப்போ பெயின்டிங்குக்கு ஒரு மாசம் கட் பண்ணிப்பாங்க." கேட்பவரும் தலையாட்டுகிறார். பால் காய்ச்ச நல்ல நாள் பார்ப்பது மாதிரி இதுவும் சடங்கில் ஒன்றாகிவிட்டது. பதினொரு மாதத்தில் காலி செய்தாலும் ஒரு மாசம், ஐந்து வருஷம் இருந்தாலும் ஒரு மாசம். குழந்தை கிரேயானால் மூன்று சுவரை மெழுகிவைத்த வீட்டுக்கும் ஒரு மாசம், நாள் முழுக்க ஆபீசில் இருந்துவிட்டுத் தூங்க மட்டும் வந்த தம்பதிக்கும் ஒரு மாசம். சேதத்துக்கும் பிடித்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றால் அது பிடித்தமே இல்லை. வெளியேறும் வரி.

அந்த வரியிலிருந்தாவது பெயின்ட் அடிக்கிறோமா? என் கணக்கைச் சொல்கிறேன். நான் பிடித்தது 24,000. பெயின்டருக்குக் கொடுத்தது மெட்டீரியலோடு 16,000. சீலிங்கை விட்டுவிட்டு, சுவருக்கு மட்டும் ஒரு கோட். "சார், லைட் கலர்தானே, ஒரு கோட்ல மறஞ்சிடும்" என்று அவரே யோசனை சொன்னார். மீதி 8,000 எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் இருந்தவர் ஏற்கெனவே மேடவாக்கத்தில் வேறொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தார்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பது இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணை, எந்த ரிப்பேர் யார் தலையில் என்று பிரித்துக் கொடுக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் ஓனர் பக்கம். பைப் மாற்றுவது, வயரிங் ஓனர் பக்கம். குழாய், வாஷர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின், கீஸர் எல்லாம் குடியிருப்பவர் பக்கம். படித்துப் பார்த்தால் நியாயமான பிரிவினையாகத்தான் தெரிகிறது. கீஸர் மட்டும் எனக்கு உறுத்துகிறது, பத்து வருஷப் பழைய கீஸரை மாட்டிவிட்டு ரிப்பேர் அவர் பொறுப்பு என்பது என்ன நியாயம்? இருக்கட்டும். வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த 'வேறு ஒப்பந்தம்' என்ற ஓட்டைக்குள் ஆறு மாசமும் பத்து மாசமும் தாராளமாகப் புகுந்துவிடும், அது வேறு கதை.

நான் இந்த அட்டவணையைப் படித்தது கணக்கு அனுப்பிய பிறகு, நான்கு மாதம் கழித்து. மூன்று வருஷம் ஓனராக இருந்த எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு ஏபிஐயைத் தொடுவதற்கு முன் அதன் டாக்குமென்டேஷனை இரண்டு முறை படிக்கிற ஆள் நான்.

ஓனர் ஏன் டேமேஜைத் தேடுகிறார் என்ற கேள்விக்குப் பேராசை என்று பதில் சொல்லிவிடலாம். அது முழு உண்மை இல்லை. சங்கடமான உண்மை ஒன்று இருக்கிறது: அட்வான்ஸ் பணம் அவரிடம் இல்லை. செலவாகிவிட்டது. நான் அந்த ஒன்றரை லட்சத்தை வாங்கிய வாரமே வீட்டுக் கடனில் கட்டினேன். சராசரி எட்டு சதவீதம் என்று வைத்தால், கூட்டு வட்டி போடாமலே வருஷத்துக்கு 12,000, மூன்று வருஷத்துக்கு 36,000 ரூபாய் வட்டி எனக்கு மிச்சம். அதாவது அந்தக் குடும்பம் வாடகைக்கு மேல் 36,000 ரூபாயை எனக்கு ஏற்கெனவே, சத்தமில்லாமல் கொடுத்துவிட்டது. என் நண்பர் ஒருவர் அட்வான்ஸில் பைக் வாங்கினார். இன்னொருவர் தங்கைக் கல்யாணத்துக்குப் புரட்டினார். காலி செய்கிறேன் என்று ஒருவர் நோட்டீஸ் கொடுத்ததும் நாங்கள் முதலில் தேடுவது அடுத்த குடித்தனத்தை. அவர் தரும் அட்வான்ஸை வாங்கித்தான் இவருக்குக் கொடுக்க வேண்டும். சீட்டுக் கம்பெனி ஓடும் முறை இதுதான். புது ஆள் வர ஒரு மாதம் தள்ளினால், பழைய ஆளின் சுவரில் ஓட்டைகள் அதிகமாகத் தெரிய ஆரம்பிக்கும். கையில் பணம் இல்லாதவன் கண்ணுக்கு வீடு முழுக்கச் சேதமாகத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது.

ஜெர்மனியில் இந்த அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்ட முடியாது, ஓனர் அதைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல், வட்டி வரும் தனிக் கணக்கில் போட வேண்டும், வட்டியும் குடியிருப்பவருக்கே. இங்கிலாந்தில் 2007லிருந்து அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் அதைச் சேர்த்தாக வேண்டும். தகராறு வந்தால், பணம் குடியிருந்தவருடையது என்ற இடத்திலிருந்துதான் விசாரிக்கவே தொடங்குவார்கள், தனக்குச் சேரும் என்று ஓனர்தான் நிரூபிக்க வேண்டும். பழைய கம்பளத்துக்குப் புதுக் கம்பளத்தின் விலையும் கேட்க முடியாது. எத்தனை வருஷம் உழைத்த கம்பளம், இன்னும் எத்தனை வருஷம் உழைத்திருக்கும் என்று கணக்குப் போட்டு, மீதிக்கு மட்டும்தான் ஈடு. என் வீட்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பெயின்ட் நான்கு வருஷம் தாங்கும் என்று கொண்டால், மூன்று வருஷம் போய்விட்டது. மிச்சம் கால்வாசி. 16,000இல் கால்வாசி 4,000. அதுவும், அவர்கள் சுவரை நிஜமாகவே பாழாக்கியிருந்தால்.

இப்போது எதிர்த்தரப்பு. என் சித்தப்பா இதைப் படித்தால் செருப்பைக் கழற்றுவார். அவர் தாம்பரத்தில் கீழ்ப்போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவர். ரிட்டயர் ஆனவர், பென்ஷன் கிடையாது, அந்த வாடகைதான் மாத்திரைச் செலவு. ஒரு குடித்தனம் நான்கு மாத வாடகை பாக்கி, இரண்டு கரன்ட் பில் பாக்கி. இணைப்பு இவர் பெயரில் இருப்பதால் இவரே கட்ட வேண்டியதாயிற்று. போகும்போது கக்கூஸ் கோப்பை உடைந்திருந்தது. சமையலறைச் சாக்கடைக்குள் இரண்டு வருஷ எண்ணெய் கெட்டிப்பட்டுக் கிடந்தது, தரையைப் பெயர்த்துதான் எடுத்தார்கள். ரெண்டு மாச அட்வான்ஸ்தான் வாங்கியிருந்தார், அது எந்த மூலைக்கு? "உனக்கென்னடா, ஐடி சம்பளம், தர்மம் பேசலாம்" என்பார். அவர் சொல்வது நியாயம். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒவ்வொரு ரூபாயையும் பில்லோடு வசூலிக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் சித்தப்பா அதற்குப் பிறகு செய்தது என்ன? அடுத்து வந்த நான்கு குடித்தனங்களிடம் அந்த ஒருவர் வைத்துவிட்டுப் போன கடனை வசூலித்தார். அட்வான்ஸைப் பத்து மாசமாக்கினார். ஆணி அடிக்கக் கூடாது, இரவு பத்துக்கு மேல் மோட்டார் போடக் கூடாது, விருந்தாளி இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. "கவுச்சி சமைக்கிறவங்களுக்குக் கிடையாது" என்ற பழைய விதிக்கு அவருக்குப் புதுசாக ஒரு காரணமும் கிடைத்தது: எண்ணெய், அடைப்பு, டேமேஜ். அப்பளமும் வடையும் எண்ணெயில் பொரிவதில்லை போலிருக்கிறது. மீன் வாசனை சுவரில் ஏறிவிடுமாம், இறங்காதாம். சாதியைக் கேட்க வெட்கப்படும் வாய், சுவரின் ஆரோக்கியத்தை விசாரிக்கும்போது கொஞ்சமும் கூசுவதில்லை. எங்கள் குடும்பத்து வாட்ஸாப் குழுவில் இதற்காக நான் ஒருமுறை சண்டை போட்டு வெளியேறி, அம்மா அழுது மறுபடி சேர்ந்தேன்.

அந்தக் கெடுபிடியால் வீடு காப்பாற்றப்படுகிறதா என்பதுதான் கேள்வி. எனக்குக் கிடைத்த அனுபவம் நேர் எதிர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேளச்சேரியில் நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். ஓனர் ஆன்ட்டி மேல்மாடி. ரிப்பேர் என்று எதைச் சொன்னாலும் நேரே உள்ளே வருவார், ரிப்பேரைப் பார்ப்பதற்கு முன் கிச்சனைப் பார்ப்பார், ஃபிரிட்ஜைத் திறப்பார். ஒருநாள் சிங்க்குக்கு அடியில் பைப் கசிய ஆரம்பித்தது. வெறும் வாஷர் பிரச்சினை, ஐம்பது ரூபாய் வேலை. அன்றைக்கு எங்கள் ஃபிரிட்ஜில் ஒரு கிலோ மாட்டுக்கறி இருந்தது. அதனால் சொல்லவில்லை. அடுத்த வாரமும் ஏதோ இருந்தது. பக்கெட்டை வைத்தோம். பக்கெட் நிரம்பினால் கொட்டினோம். ஏழு மாதம். காலி செய்யும்போது சிங்க்குக்குக் கீழே இருந்த பிளைவுட் முழுக்க ஊறி, மாவு மாதிரி உதிர்ந்தது. அவர் எட்டாயிரம் பிடித்தார். நாங்கள் வாசலில் நின்று கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வந்தோம். பிளைவுட்டைக் கெடுத்தது நாங்கள்தான், மறுக்கவில்லை. சொன்னால் வாஷர் மாற்றப்படும் என்ற நம்பிக்கை இருந்திருந்தால் அது கெட்டிருக்காது என்பதும் நிஜம். சாஃப்ட்வேரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பக் சொன்னவன் தலையிலேயே விடிகிற ஆபீசில் யாரும் பக் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் சர்வரே விழும்.

பெரும்பாக்கத்துக்கு வருகிறேன்.

அந்தக் குடும்பம் காலி செய்து, ஜூலையில் புதுக் குடித்தனம் வந்தது. செப்டம்பரில் அவர்களிடமிருந்து போட்டோ: பெட்ரூம் சுவர், அதே இடம், என் புது பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து நிற்கிறது. மழை இன்னும் ஆரம்பிக்கக்கூட இல்லை. நான் போய்ப் பார்த்தேன். கூட வந்த கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்து, "மேல்வீட்டு பாத்ரூம் எங்க சார் வருது?" என்று கேட்டார். சரியாக அந்தச் சுவருக்கு மேலே. பாத்ரூம் தரையில் நானி டிராப்பைச் சுற்றிப் பூசிய சிமென்ட் விட்டுப்போய், தண்ணீர் உள்ளே இறங்கிப் பள்ள ஸ்லாப்பில் தேங்கி, சொட்டுச் சொட்டாக என் சுவருக்குள் வந்துகொண்டிருக்கிறது. "இது இன்னிக்கி நேத்து விஷயமில்ல சார், ரெண்டு வருசமாவது இருக்கும்" என்றார்.

மேல்வீட்டு ஓனர் வெளிநாட்டில். அவரைப் பிடித்துப் பேசியபோது அவர் சொன்ன முதல் வாக்கியம்: "உங்க டெனன்ட் துணி எதுவும் உள்ள காயப்போடறாங்களா?"

நான் கொதித்துப் போனேன். வீடியோ அனுப்பினேன். கொத்தனாரிடம் சொல்லி வாய்ஸ் நோட் அனுப்ப வைத்தேன். மேலே கலர்த் தண்ணீர் ஊற்றி, அது கீழே இறங்குகிறதா என்று பார்க்கலாம் என்றேன். உரிமையாளர் சங்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆதாரம், ஆதாரம் என்று இரண்டு மாதம் அவரைத் துரத்தினேன். கடைசியில் தன் செலவில் தரையைப் பெயர்த்து வாட்டர் ப்ரூஃபிங் செய்து கொடுத்தார். நல்ல மனிதர்தான். கேள்வி அவரைப் பற்றியது இல்லை. "உள்ள துணி காயப்போட்டிருக்கீங்க, வென்டிலேஷன் இல்ல, அதான் ஓதம் அடிச்சிருக்கு" என்ற இதே வாக்கியத்தை நான் மே மாதம் பழைய குடும்பத்திடம் சொல்லியிருந்தேன். ஆதாரம் எதுவும் இல்லாமல். 18,000 ரூபாய்க்கு.

மேல்வீட்டுக்காரரிடம் காட்டுவதற்காகப் பழைய போட்டோ ஏதாவது இருக்குமா என்று வாட்ஸாப்பில் தேடியபோதுதான் அது கண்ணில் பட்டது. 2022 நவம்பர் 14. பழைய குடித்தனத்தின் மெசேஜ். சுவர் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், போட்டோவோடு. "சார், பெட்ரூம் செவுத்துல ஈரமா இருக்கு, மேல இருந்து வருதா பாக்கச் சொல்லுங்க." அதற்குக் கீழே என் பதில், கட்டை விரலை உயர்த்திக் காட்டும் பொம்மை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாதா மாதம் வாடகை ஸ்கிரீன்ஷாட்டும், அதற்கும் என் கட்டை விரலும்.

அவர்கள் கண்டுபிடித்தார்கள், சொன்னார்கள், காரணத்தைக்கூடச் சரியாக ஊகித்தார்கள். ஒரு குடியிருப்பவர் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது, கரன்ட் இல்லை. அப்போது அந்த மனிதர் ஜன்னல் வழியாக உள்ளே வந்த மழைநீரை விடிய விடிய வாரி, என் மரக்கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். "கட்டில் ஓகே சார்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தார். அதுவும் அதே சாட்டில் இருக்கிறது. என் கணக்கில் கழித்தல் மட்டும்தான் இருந்தது. கூட்டல் என்று ஒரு வரி இருக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

இப்போதைய குடித்தனம் வந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் போனில் வீடியோ எடுத்தபடி வீடு முழுக்க நடந்தோம், சாக்கடை மூடி வரைக்கும். ஏற்கெனவே உடைந்தது, கீறல் விழுந்தது எல்லாவற்றையும் நானே காட்டினேன்; எந்தப் பொருள் எந்த வருஷம் வாங்கியது என்றும் சொன்னேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். இருபத்தைந்து நிமிஷ வேலை. செப்டம்பர் விவகாரத்துக்குப் பிறகு அவர்களின் ஆறு மாச அட்வான்ஸில் மூன்று மாசத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மீதி தனியாக ஃபிக்ஸட் டெபாசிட்டில் கிடக்கிறது. பெயின்டிங் பிடித்தம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் சேர்த்தாயிற்று. எதையாவது உடைத்தால் பில்லைக் காட்டி, அதன் வயதைக் கழித்து வாங்குவேன், விட மாட்டேன். ரிப்பேர் என்று மெசேஜ் வந்தால் ஒரு வாரத்துக்குள் ஆள் அனுப்புகிறேன். இதில் எனக்கு நஷ்டம் இல்லாமல் இல்லை. மூன்று மாத அட்வான்ஸைத் திருப்பித் தர என் மனைவியின் ரெக்கரிங் டெபாசிட்டை உடைத்தோம். அதைப் பற்றி வீட்டில் இன்னும் முழுதாகப் பேசி முடிக்கவில்லை.

"எல்லா ஓனரும் இப்படி இருக்க முடியுமா?" என்று ஆபீசில் கேட்டார்கள். எங்கள் யாருக்குமே அது சொந்தத் தேவைக்கான வீடு இல்லை, வருமானத்துக்கான வீடு. வருமானத்துக்காக ஓட்டும் வண்டிக்கு டயர் மாற்றுவது யார் செலவு? ஓலா டிரைவர் கடைசிப் பயணியிடம் டயர் காசு கேட்டால் நாங்கள் என்ன சொல்லுவோம்? இதைச் சொன்னதும் பேச்சு ஐபிஎல் பக்கம் திரும்பிவிட்டது.

பழைய குடும்பத்துக்குக் கணக்கை மறுபடி போட்டேன். கபோர்டு கதவு, அவர்களின் பையன் தொங்கி ஆடி உடைத்தது, அவர்களே ஒப்புக்கொண்டது: 3,500. குழாய் அட்டவணைப்படி அவர்கள் பொறுப்பு: 1,200. மீதி 44,500 ரூபாய் என்னுடையது இல்லை. டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன் என்பதையும், இஎம்ஐ போகட்டும் என்று காத்திருந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஐந்தே நிமிஷத்தில் போன் வந்தது. தப்பாக வந்துவிட்டது போலிருக்கிறது சார், திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன், மேல்வீட்டு பாத்ரூம், கொத்தனார், எல்லாம். மன்னிப்பும் கேட்டேன், நாக்கு குழற. அவர், "பரவால்ல சார், விடுங்க" என்றே மூன்று தடவை சொன்னார். அவருக்கு இந்தப் பேச்சைச் சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்தது. பின்னாலிருந்து அவர் மனைவி என்ன, என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. போனை வாங்கினார்.

"சார், அப்ப அந்த ஈரம் நாங்க துணி காயப்போட்டதுனால இல்லியா?"

"இல்லம்மா. மேல்வீட்டுத் தண்ணி."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, எனக்குச் சொல்வது மாதிரி இல்லாமல், பக்கத்தில் இருந்த கணவரிடம் சொல்வது மாதிரிச் சொன்னார்: "இங்க வந்ததுலேர்ந்து மழையில கூட மூணு மாடி ஏறிப் போய்க் காயப்போட்டுட்டு இருக்கேன்."